இரு மொழி இலக்கணமும் மூன்றாம் மொழி வகுப்பும்: மலேசிய இடைநிலைப்பள்ளி ஆங்கிலக் கல்வியில் தமிழ்ப்பள்ளி மாணவர்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்திற்குச் செல்லும் மாணவர், அங்குள்ள ஆங்கில வகுப்பிற்கு வெறுங்கையோடு செல்வதில்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என வாக்கியத்தைப் பகுத்தறியவும், வேற்றுமை உருபுகளை இனங்காணவும், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றவும் தமிழ்ப் பாடத்தில் அவர் பயின்றுள்ளார். மலாய்ப் பாடத்தில் வினையடியோடு ஒட்டுகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் முறையையும் கற்றுள்ளார். பதின்மூன்று வயதில் இரு மொழிகளின் இலக்கணத்தை முறையாகக் கற்றவர் அவர். ஆயினும் ஆங்கில வகுப்பு அவரை எதுவும் அறியாதவராகவே வரவேற்கிறது. அவர் அறிந்தவை நினைவுக்கு வரும்போதும் அவற்றைப் பிழைகளின் ஊற்றாகவே காண்கிறது. 'தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வரவில்லை' என்ற பேச்சு பெற்றோரிடையே நிலைபெற்றிருப்பதற்கு இப்பார்வை பெரிதும் காரணமாகும். நாட்டிலுள்ள 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கையோடு தொடர்புடையதாதலால், இதனை ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று விட்டுவிட இயலாது.

இப்பேச்சுக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. மலாயாத் தோட்டங்களில் ஆங்கிலம் துரையின் மொழி. அதனைத் துரையிடமிருந்து தொழிலாளரிடம் கொண்டுவந்தவர் கிராணியார். யாழ்ப்பாணத்திலும் கேரளத்திலும் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்தவர்கள் பலர் அப்பணியில் அமர்ந்தனர். தோட்டப் பள்ளிக்கூடமோ ஆறாம் வகுப்போடு நின்றது. அதற்குமேல் படிக்க நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். செல்ல முடிந்தவர் மிகச் சிலர். எனவே தமிழ்ப்பள்ளியும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் மொழிகளின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. பள்ளிகள் அமைந்திருந்த இடத்திலிருந்தும் கூலிக் கணக்கிலிருந்தும் பிறந்தது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிப் பள்ளிகளாக மாறின. அதன்பின் ஆங்கிலம் எல்லாருக்கும் ஒரு பாடமாயிற்று. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதும், 2012 தொடங்கி அத்திட்டம் கைவிடப்பட்டதும் அண்மைக்கால வரலாறு. ஒரு மொழியில் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் அம்மொழி தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை அத்திட்டத்தின் அடியில் இருந்தது. இன்றைய கலைத்திட்டத்திலும் அந்நம்பிக்கை வேறு உருவில் தொடர்கிறது.

இடைநிலைப்பள்ளிகளுக்கான தர அடிப்படையிலான கலைத்திட்டம் 2017இல் முதலாம் படிவத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலப் பாடம் 'சி.இ.எஃப்.ஆர்.' என்னும் ஐரோப்பிய மொழித்தகுதிச் சட்டகத்தோடு பொருத்தப்பட்டது. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, இலக்கியச் செயல்பாடு ஆகிய கூறுகளாகப் பாடம் அமைந்தது. இலக்கணம் தனிக் கூறாக இல்லாமல் இவற்றினுள் கலந்து கற்பிக்கப்பட வேண்டியதாயிற்று. எஸ்.பி.எம். தேர்விலும் 2021 முதல் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள் உள்ளன. விதியை ஒப்பித்து வாக்கியங்களை இயந்திரம்போல் மாற்றிய பழைய பயிற்சிக்கு இது ஒரு நல்ல மாற்றே. செயப்பாட்டுவினை வாக்கியங்களை நூறு முறை மாற்றி எழுதிய மாணவர், வங்கியில் ஒரு படிவம் கேட்கத் தயங்கி நின்ற காலத்திற்கு எவரும் திரும்ப விரும்பமாட்டார்.

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடநூல்களை வாங்கியபோது எழுந்த எதிர்ப்பு, பெரும்பாலும் அவற்றிலுள்ள அயல்நாட்டுச் சூழலைப் பற்றியதாகவே இருந்தது. பனியும் அயல்நாட்டு உணவும் நம் மாணவர்க்கு அந்நியம் என்றனர். இது சிறு குறை. ஆற்றுப்படை பாடும் பாலை நிலத்தை நேரில் கண்டறியாத மாணவரும் அதனைப் படித்துணர்கிறார். பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. உலகச் சந்தைக்கென எழுதப்பட்ட நூல், படிப்பவரின் தாய்மொழி எது என்று அறிய முடியாத நூல். போர்ச்சுகலில் இருப்பவருக்கும் பேராக்கில் இருப்பவருக்கும் ஒரே விளக்கத்தை அது தருகிறது. உள்நாட்டுக் கலைத்திட்டம் நிரப்பியிருக்க வேண்டிய இடைவெளி இது. தொடக்கநிலையில் தேசியப் பள்ளிகளுக்கு ஒன்றும் தமிழ், சீனப் பள்ளிகளுக்கு ஒன்றுமாக இரு ஆங்கிலக் கலைத்திட்ட ஆவணங்களைக் கல்வி அமைச்சே வெளியிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலத்திற்குரிய நேரம் குறைவு என்பதை அவ்வாவணங்கள் ஒப்புக்கொள்கின்றன. முதலாம் படிவத்தில் இவ்வேறுபாடு ஓர் இரவில் மறைந்துவிடுகிறது. புகுமுக வகுப்பில் சேரும் மாணவர்க்கு ஓராண்டு இடைவெளி கிடைக்கிறது என்பது உண்மை. அந்த ஓராண்டோ முதன்மையாக மலாய்மொழிக்கு உரியது.

இதில் ஒரு முரண் உண்டு. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட அச்சட்டகம், ஒருவர் அறிந்த மொழிகள் யாவும் அவர் மனத்தில் ஒன்றோடொன்று தொடர்புற்று ஒரே திறனாக இயங்குகின்றன என்னும் பன்மொழித்திறன் கொள்கையை வலியுறுத்துகிறது. மலேசியா அச்சட்டகத்திலிருந்து ஏ1, பி2 முதலான படிநிலைகளை எடுத்துக்கொண்டது. இக்கொள்கையை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிழை யாருடையது?

தமிழ்ப்பள்ளி மாணவரின் பிழைகளுள் அடிக்கடி சுட்டப்படுவது காலப்பிழை. 'யெஸ்டர்டே ஹி கோ டு தி ஷாப்' என்று எழுதினால், தமிழ் குறுக்கிட்டதாகச் சொல்லி ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். தமிழில் 'நேற்று அவன் கடைக்குப் போகிறான்' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. தமிழ் வினைமுற்றில் காலம் காட்டும் இடைநிலை இல்லாமல் தீராது. திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியும் இல்லாமல் தீராது. மலாயிலோ வினை உருமாறுவதில்லை. 'டியா பெர்கி' என்பது நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் ஒன்றே. காலத்தைச் 'சுடா', 'செடாங்', 'ஆக்கான்' ஆகிய தனிச்சொற்கள் காட்டுகின்றன. ஆகவே அப்பிழையில் மொழிக்குறுக்கீடு இருக்குமானால், அதனை மலாயின் பக்கமே தேட வேண்டும். வினையின் வெற்று வடிவைப் பயன்படுத்துவது ஆங்கிலம் பயில்வோர் எல்லாரிடமும் தொடக்கத்தில் காணப்படும் இயல்பு என்பதும் உண்டு. எவ்வகையிலும் தமிழ் இங்குக் குற்றவாளியன்று. 'ஹி கோஸ்' என்பதிலுள்ள இறுதி 'ஸ்' ஒலியை 'போகிறான்' என்பதன் 'ஆன்' விகுதியோடு ஒப்பிட்டுக் காட்டினால், எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் என்ற கருத்து மாணவர்க்குப் புதிதாக இராது. 'படித்திருக்கிறேன்', 'படித்துக்கொண்டிருக்கிறேன்' ஆகியவற்றில் துணைவினை செய்யும் பணியையே ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'ஆம்' ஆகியன செய்கின்றன. பாடநூல் கட்டம் கட்டி விளக்கும் பொருள் வேறுபாடு அவர் நாவில் முன்பே உள்ளது.

'எ', 'தி' என்னும் சுட்டடைகள் பற்றிய கதை இன்னும் சுவையானது. தமிழிலும் மலாயிலும் அவை இல்லை, ஆதலால் மாணவர் தடுமாறுகிறார் என்பது பொதுவான விளக்கம். சொல் இல்லை என்பது மெய். கருத்து இல்லை என்பது பொய். 'அவன் புத்தகம் வாங்கினான்', 'அவன் புத்தகத்தை வாங்கினான்' என்னும் இரண்டையும் தமிழ் மாணவரிடம் தந்து வேறுபாட்டைக் கேட்டால், முன்னது ஏதோ ஒரு புத்தகம் என்றும், பின்னது நாம் முன்பே பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம் என்றும் தயங்காமல் கூறுவார். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கும் விரிந்தும் நிற்பது, ஆங்கிலச் சுட்டடை காட்டும் குறிப்பிட்டது, குறிப்பிடாதது என்ற வேறுபாட்டையே பெருமளவு காட்டுகிறது. உயர்திணைப் பெயர்க்கு இது செல்லாது. செயப்படுபொருள் அல்லாத இடங்களுக்கும் செல்லாது. எனினும் மிகக் கடினமான ஒரு பகுதிக்கு இதனைவிட நல்ல வாயில் இல்லை. தமிழ்ப்பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த வேற்றுமைப் பாடம் இங்கு உயிர்பெறுகிறது.

எல்லாவற்றுக்கும் தமிழே துணை என்று கூறினால் அது பற்றினால் பிறந்த கூற்றாகிவிடும். 'நேற்று வந்த பையன்' என்பதில் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் அத்தொடர் பெயருக்குப் பின் வருகிறது. இங்கு உதவுவது மலாய். 'புடாக் யாங் டத்தாங்' என்பதிலுள்ள 'யாங்' இருக்கும் இடத்திலேயே ஆங்கில 'ஹூ' அமர்கிறது. தமிழில் செயப்பாட்டுவினை பேச்சில் அரிது; மலாயில் 'டி' என்னும் முன்னொட்டோடு அது அன்றாட வழக்கு. முன்னிடைச்சொற்களுக்கும் மலாயே வழிகாட்டி. 'அவர் ஆசிரியர்' என்பதிலும் அதற்கு நேரான மலாய்த் தொடரிலும் இணைப்புவினை இல்லாமையால், 'ஹி டீச்சர்' என்று எழுதும் பிழைக்கு இரு மொழிகளும் சேர்ந்தே பொறுப்பு. நாம், நாங்கள் என்ற வேறுபாடு மலாயிலும் 'கித்தா', 'காமி' என உண்டு. ஆங்கிலத்தில் 'வி' ஒன்றே. இங்கு வறுமை ஆங்கிலத்திற்கு உரியது என்று ஒருமுறை சுட்டிக்காட்டினால், அவ்வகுப்பில் தலைநிமிரும் மாணவர் சிலர் இருப்பர்.

தொடர்பாடல் என்னும் தனிப்பாடம்

பேச்சுத் தாளில் மூன்று பகுதிகள் உள்ளன: வினாக்களுக்கு விடையளித்தல், தனியாகச் சிறிது நேரம் பேசுதல், மற்றொரு மாணவரோடு கலந்துரையாடுதல். மூன்றாவதே பலருக்கு இடர். மாற்றுக் கருத்தைப் பணிவோடு சொல்வது எப்படி என்று அறியாமல், உடன்படுவதாகக் கூறி நின்றுவிடுகின்றனர். இதற்கு மருந்தாகத் துணைநூல்களும் டியூஷன் நிலையங்களும் தருவன ஆயத்தத் தொடர்கள். 'இன் மை ஒபினியன்' என்று தொடங்கும் ஒரே குரல் பல வாய்களிலிருந்து வருகிறது.

இலக்கணத்தையும் தொடர்பாடலையும் இரண்டாகப் பிரித்ததன் விளைவு இது. 'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகாலம் என்று ஒரு பக்கம் கற்பிக்கிறது. 'குட் யூ' என்று கேட்பது பணிவு என்று வேறொரு பக்கம் கற்பிக்கிறது. காலத்தைப் பின்தள்ளுவது பேச்சை மென்மையாக்குகிறது என்ற ஒரே உண்மையின் இரு முகங்கள் இவை என எப்பக்கமும் கூறுவதில்லை. 'கொடு', 'கொடுங்கள்', 'கொடுக்க முடியுமா', 'கொடுத்தால் நன்றாக இருக்கும்' என்று படிப்படியாகப் பணிவைக் கூட்டும் மாணவர்க்கு, வினைவடிவின் மாற்றமே மரியாதை என்பது நன்கு தெரியும். ஆங்கிலத்தில் பணிவுக்கு 'ப்ளீஸ்' என்ற ஒரு சொல்லை ஒட்டவைத்தால் போதும் என்று அவர் கருதுவது, எவரும் அவரிடம் இதனைச் சொல்லாததால்தான்.

'லா' சேர்த்துப் பேசும் மலேசிய ஆங்கிலத்தைக் கண்டிப்பதும் வகுப்பறை வழக்கம். கண்டிப்பதைவிட, எங்கு எதனைப் பேசுவது என்று காட்டுவதே பயன்தரும். இதிலும் தமிழ் மாணவர் முன்னிற்கிறார். வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசி, ஏட்டில் 'வந்துவிட்டார்கள்' என்று எழுதி, ஒரே மொழியின் இரு வழக்குகளை முதலாம் ஆண்டிலிருந்தே இடமறிந்து கையாண்டவர் அவர். நண்பரோடு ஒரு ஆங்கிலம், நேர்முகத் தேர்வில் வேறொரு ஆங்கிலம் என்பது அவருக்கு விளக்கம் வேண்டாத செய்தி.

வீட்டில் ஆங்கிலம் புழங்கும் மாணவர்க்கு இவ்விளக்கங்கள் இல்லாவிடினும் பெரிய இழப்பில்லை. கலைத்திட்டம் விட்ட இடத்தை வீடு நிரப்பிவிடும். தோட்டத்திலிருந்து பெயர்ந்து நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளில் வாழும் தொழிலாளர் குடும்பத்து மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. விதியை வெளிப்படையாகச் சொல்லித்தராமல் சூழலிலிருந்து உணர்ந்துகொள்ளச் சொல்லும் முறை, சூழல் உள்ளவர்க்கே பயன்படும். பின்னர்ப் பல்கலைக்கழகத்திற்கான மூயட் தேர்வும், வேலைக்கான நேர்முகத் தேர்வும் இருவரையும் ஒரே கோலால் அளக்கின்றன.

இடைநிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியர்களுள் பெரும்பாலோர் தமிழறியாதவர்கள். அவர்கள் தமிழ் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களுக்குத் தேவை ஒரு கைந்நூல்: ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்பட்டு, தமிழ்ப்பள்ளி மாணவர் எந்த இலக்கணக் கருத்துகளை முன்பே அறிந்து வருகிறார், அவற்றுள் எது ஆங்கிலத்திற்குத் துணை, எது தடை, எங்கு மலாய் கைகொடுக்கும் என்று பக்கம் பக்கமாகக் காட்டும் நூல். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவிலும் இதனை எழுதத் தக்க மொழியியல் அறிவு உண்டு. தமிழாய்வு என்பது தமிழ் இலக்கியத்தையும் தமிழ்ப் பாடத்தையும் மட்டுமே சார்ந்தது என்ற வரையறையால், இப்பணி எத்துறையின் வாயிலுக்கும் வராமல் நிற்கிறது. அந்நூலின் முதல் இயல், ஆங்கில ஆசிரியர் நாளையே வகுப்பில் சோதித்துப் பார்க்கக்கூடிய சுட்டடையும் இரண்டாம் வேற்றுமையும் பற்றியதாக இருக்கலாம்; ஒரு கரும்பலகையும் இரண்டு தமிழ் வாக்கியங்களும் அதற்குப் போதும். வாக்கியங்களை எழுதித்தர அதே பள்ளியின் தமிழாசிரியர் இருப்பார். தமிழாசிரியர் இல்லாத பள்ளியில், அவற்றை மாணவரே எழுதித் தருவார்.