மூச்சைத் திருப்பித் தரும் மருந்துகள்

நெஞ்சையோ வயிற்றையோ திறந்து மணிக்கணக்கில் நடக்கும் புற்றுநோய் அறுவைக்கு நோயாளி தூங்கினால் மட்டும் போதாது. தசைகளும் தளர்ந்து கிடக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய 1954-இல் மருத்துவ உலகம் இதற்குக் கியூராரேயை நம்பியிருந்தது. இன்று ரோகுரோனியம், அட்ராகூரியம். நரம்பு விடும் அசிட்டைல்கோலினைப் பெறவேண்டிய ஏற்பிகளை இவை அடைத்துக்கொள்கின்றன. அறுவை முடிந்ததும் நோயாளி தானே மூச்சுவிட அந்த அடைப்பை விலக்க வேண்டும்.

1900-இல் வியன்னாவில் யாகோப் பால், கியூராரேயின் தடையை ஃபைசோஸ்டிக்மின் முறிப்பதைக் கண்டார். அந்த வழியில் வந்த நியோஸ்டிக்மின் மலிவானது, எங்கும் கிடைப்பது, ரோகுரோனியம், அட்ராகூரியம் இரண்டுக்கும் பொருந்துவது. ஆனால் அது தளர்த்தும் மருந்தைத் தொடுவதே இல்லை. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை நிறுத்தி, அதன் அளவைப் பெருக்கிப் போட்டியில் வெல்ல வைக்கிறது. நொதி முழுதும் நின்றபின் மருந்தைக் கூட்டிப் பயனில்லை. ஆழ்ந்த தளர்ச்சியில் அது தோற்கும். இதயத்துடிப்பும் குறைவதால் கிளைகோபைரோலேட்டைத் துணைக்குச் சேர்க்கிறார்கள்.

அடைப்பை விலக்கும் இன்னொரு மருந்தான சுகாமடெக்ஸ் ஏற்பியிடம் போவதில்லை. ரோகுரோனிய மூலக்கூறை ஒன்றுக்கு ஒன்றாகத் தன் வளையத்துக்குள் பிடித்துக்கொள்கிறது. ஆழ்ந்த தளர்ச்சியையும் சில நிமிடங்களில் போக்கும் இந்த வேகம் வியக்கத்தக்கது. ஐரோப்பா 2008-இலேயே ஏற்றது. ஒவ்வாமை அச்சத்தால் அமெரிக்கா 2015 வரை காத்திருந்தது. அந்த அச்சம் வீணல்ல, கடும் ஒவ்வாமை அரிதாக நேர்கிறது. கருத்தடை மாத்திரையின் பலன் குறையும் என்பதை வீடு திரும்பும் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் அட்ராகூரியத்தின் மீது இதற்குச் சிறிதும் பிடிப்பில்லை. விலையும் அதிகம்.

எந்த மருந்தையும்விட என்னை உறுத்துவது, தசை எவ்வளவு மீண்டது என்று அளக்காமலே செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடும் வழக்கம்தான். தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது நம்பகமான சோதனையல்ல. மணிக்கட்டு நரம்பில் நான்கு மின்துடிப்புகள் கொடுத்தால், கட்டைவிரலின் நான்காம் அசைவு முதல் அசைவில் குறைந்தது 0.9 பங்கு இருக்க வேண்டும். அதற்குக் கீழே நோயாளி விழித்திருப்பார்; ஆனால் தொண்டைத் தசை தளர்ந்தே இருக்கும், உமிழ்நீர் நுரையீரலுக்குள் இறங்கலாம். நோயால் ஏற்கெனவே மெலிந்தவருக்கு இது பேராபத்து.

மருத்துவமனை நிர்வாகிகளே, விலையுயர்ந்த மருந்துக்குப் பணம் ஒதுக்குமுன் ஒவ்வொரு அறுவை அரங்குக்கும் தசை மீட்சியை அளக்கும் கருவியை வாங்கி வையுங்கள்.