அசம்பாவிதம் என்று எதுவரை சொல்வது?

கண்டியில் எசல பெரஹெரா ‘அசம்பாவிதமின்றி’ நிறைவுற்றது என்று எழுதுவார்கள். மகாவலியில் குளிக்கப் போனவர் மூழ்கினாலும் அசம்பாவிதம், கடைத்தெருவை எரித்தாலும் அசம்பாவிதம். நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லும் அந்தச் சொல், செய்தவரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்த அடக்கத்துக்குத் தேவை உண்டு. 2018 மார்ச் 5இல் கண்டி மாவட்டத்தின் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் அவசரகால நிலை பிரகடனமானது. அதற்கடுத்த நாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வதந்தி ஆட்களைத் திரட்டிய அந்த நேரத்தில் இனப்பெயர் தவிர்த்து எழுதிய செய்தி, அடுத்த ஊரின் சூட்டைத் தணித்திருக்கும். 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்ததைப் பெரியவர்கள் ‘பிரச்சினை’ என்று சொல்லி நகர்வதும் இப்படித்தான். மறுநாளும் அதே அயலவரின் கடையில்தான் அரிசி வாங்க வேண்டும்.

ஆனால் ஆண்டுகள் கழிந்த பின்பும் அதே சொல்லைத் தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்பாராமல் நேர்ந்தது என்ற சாயல் அதில் ஒட்டியிருக்கிறது. திகனத் தாக்குதலுக்குச் சாக்காகச் சொல்லப்பட்ட, தெல்தெனியவில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்ட சம்பவம் நடந்தது பெப்ரவரி 22. அவர் இறந்ததும் திகனயில் கூட்டம் திரண்டதும் மார்ச்சில். தடுக்க நாள் இருந்தது. 1915இலும் அப்படியே. கம்பளை வலஹாகொட தேவாலயத்தின் பெரஹெரா பள்ளிவாசல் முன்னால் மேளத்தோடு போகலாமா என்ற வழக்கில் 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த ஆண்டு மே 28 இரவு கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மோதல் வெடித்து, பிற மாகாணங்களுக்கும் பரவியது. வருடக்கணக்கில் முற்றிய பகையை அசம்பாவிதம் என்றால், முற்றவிட்டவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

‘கலவரம்’ கொஞ்சம் மேல், ஆனால் இரு தரப்பும் சமமாக அடித்துக்கொண்டதுபோல் ஒலிக்கிறது. 1977இலும் 1983இலும் லயத்தை விட்டு ஓடிய தோட்டத் தொழிலாளிக்கு அது பொருந்தாது. நம்மிடமே ‘வன்செயல்’ இருக்கிறது. செயல் என்றால் செய்தவர் உண்டு.

முதல் நாள் செய்திக்கு அசம்பாவிதம் போதும். விசாரணை, நஷ்டஈடு, ஆண்டு நினைவு என்று வரும்போது வேறு மொழி வேண்டும். 2018இல் திகனயில் உயிரிழந்த முஸ்லிம் இளைஞர் அசம்பாவிதத்தில் இறக்கவில்லை. கூட்டம் தீ வைத்த வீட்டுக்குள் இறந்தார் என்றே எழுத வேண்டும்.