குறுந்தொகை காட்டும் எழால்

சங்கப் பாடல்களிற் பயின்றுவரும் பறவைப் பெயர்களுக்கு 'ஒருவகைப் புள்' என்று பொருள் கூறி அப்பாற் செல்லும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. பாட்டின் பொருள் முழுவதும் அப்புள்ளின் செயலிலேயே தங்கியிருக்குமிடத்து இவ்வுரை பாட்டையே மறைத்துவிடுகின்றது. குறுந்தொகையின் 151ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்றாகும்.

பொருள் தேடப் பிரிய எண்ணிய தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுவதாக அமைந்த பாலைப் பாட்டு அது. துணையை விட்டு விலகிய செங்காற் பேடையொன்றின்மேல் எழால் வீழ்கின்றது. சேவலைக் காணாத பேடை, குழலோசை போன்ற குரலாற் குறுகக் குறுகப் பலமுறை அகவுகின்றது. தலைவன் செல்லக் கருதிய மலைச்சிறுவழி அக்குரல் கேட்கும் வழியாகும். எழால் என்பது ஊறு இனத்தைச் சேர்ந்த வேட்டைப்பறவை. வேட்டைப்பறவை வீழ்ந்த பின்னரும் பேடை உயிரோடிருந்து கூவியது எங்ஙனம்? 'ஒருவகைப் புள்' என்று அமைவார்க்கு இவ்வினாவே எழுவதில்லை.

விடை காணுதற்கு வேட்டைநூல்கள் துணைபுரியும். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாகப் பறவை வேட்டையைக் கூறும். குமாவுன் நாட்டு ருத்திரதேவன் இயற்றிய சைனிக சாத்திரமோ முழுவதும் இதற்கென்றே எழுந்தது. அதனை ஹரப்பிரசாத சாத்திரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1910இற் கல்கத்தாவிற் பதிப்பித்தார். அறநூலார் கடிந்த பதினெட்டு வியசனங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றாகிய வேட்டைக்கு அந்நூல் வழக்குரைப்பது சுவையானது. கடியப்பட்டதற்குச் சாத்திரஞ் செய்யப் புகுந்தவன் அரசனல்லனோ!

புதிதாகப் பிடிக்கப்பட்ட பறவை மனிதனைக் காணவே அஞ்சும். காலில் தோல்வார் பூட்டி, உறையணிந்த கைமேல் இருத்தி, ஆள்நடமாட்டத்தினிடையே அதனை நாட்கணக்காகச் சுமந்து திரிவர். அக்கையிலிருந்து அது ஊன் உண்ணத் தொடங்குவதே முதல் வெற்றி. பின்னர் நெடுங்கயிற்றிற் பிணித்து, தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஊன் காட்டி அழைப்பர். அழைத்தவுடன் தயங்காது வரும் நாளிலேதான் கயிறு நீக்கப்படும். இவையனைத்தும் பசியை அளந்து செய்யப்படுவன. பசி மிகின் பறவை வலுக்குன்றும். வயிறு நிறைந்தாலோ மரத்தில் அமர்ந்துகொண்டு அழைத்தவனைத் திரும்பியும் பாராது. அடித்துத் திருத்துதல் இங்கே சிறிதும் செல்லாது. அடித்தவனைப் பறவை வெறுக்குமேயன்றி, அடியின் காரணத்தை உணராது. இறகுதிர்க்குங் காலம் ஓய்வுக்குரியது, குளிர்காலமே வேட்டைக்குரியது. இத்தனை பழக்கியும் அது வீட்டுப்பறவை ஆவதில்லை. ஆங்கில எழுத்தாளர் டி. எச். வைட் பழைய நூன்முறையைப் பின்பற்றிப் பழக்கிய பறவை கயிறு அறுந்து காட்டிற்கே மீண்டதை அவரது 1951ஆம் ஆண்டு நூல் விரிவாகக் கூறுகின்றது.

வேட்டைப்பறவையைப் பழக்குவோர் நன்கறிந்த செய்திகள் சில உள. வல்லூறு போன்ற குறுஞ்சிறைப் பறவை இரையை நெடுந்தூரந் துரத்துவதன்று. அறியாப் பொழுதிற் பாய்வது. அதனாலேயே வல்லூற்றைக் கையிற் பற்றி, எழும்பும் காடையின்மேல் எறிந்துவிடும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. முதற்பாய்ச்சல் தவறின் அது பெரும்பாலும் இரையைக் கைவிட்டு மரக்கிளையில் அமரும். இரையோ புதருட் புகுந்து அடங்கிக் கிடக்கும். சிதறிய கௌதாரிகள் அச்சம் நீங்கிய பின்னர் ஒன்றையொன்று கூவி அழைத்தே மீண்டும் கூடும். கூட்டத்தை விட்டு விலகி நிற்பதே எளிதில் இலக்காகும் என்பதும் அவர் அறிந்ததே.

இவ்வறிவோடு பாட்டை நோக்கின், எழாலின் பாய்ச்சல் தவறிவிட்டது என்பது புலனாகும். பேடை பிழைத்தது, அதன் கூவல் சாக்குரலன்று, துணையைத் தேடுங் குரல். துணையை விலகியமையாலேயே அது எழாலுக்கு இலக்காயிற்று. தலைவன் அஞ்சியது சாவை அன்று. சாவு தப்பிய பின்னும் அருகில் ஒருவருமின்றிக் கூவும் நிலையையே அஞ்சினான். பிரிந்து செல்லுதல் இளமைக்கு முடிவு என்று அவன் கூறும் சொல்லுக்கு அப்பொழுதுதான் முழுவலிமை உண்டாகின்றது.

இதனைக் கொண்டு, பண்டைத் தமிழரும் பறவை பழக்கி வேட்டையாடினர் எனத் துணிதல் பொருந்தாது. இப்பாட்டின் எழாலுக்குக் கால்வாரும் இல்லை. அதனை அழைப்பாரும் இல்லை. சங்கப்பாடல் காட்டும் பழக்கிய வேட்டை விலங்கு 'பார்வை' எனப்படும் மானாகும். புறநானூற்றின் 320ஆம் பாட்டில், வேட்டுவன் உறங்கும் முற்றத்தில் பிணித்த பார்வைப் பிணையோடு காட்டுக்கலை கூடி விளையாட, மனையோள் அவற்றைக் கலைக்க அஞ்சி ஒலியின்றி ஒதுங்கி நிற்கின்றாள். வேட்டைக்கென்று வைத்த விலங்கின் இன்பத்தை வேட்டுவன் மனைவியே காத்து நிற்குங் காட்சி, அரசர்க்கெழுந்த சாத்திரத்தில் எதிர்பார்க்கத்தக்கதன்று.

பாடஞ் சொல்லுவோர் சைனிக சாத்திரத்தைத் தேடி அலையவேண்டுவதுமில்லை. புல்மோட்டையின் வடபாற் கிடக்கும் கொக்கிளாய்க் களப்பு 1951இற் பறவைச் சரணாலயமாக்கப்பட்டது. மாரியோடு வலசை வரும் நீர்ப்பறவைகள் அங்கே திரளும். அவற்றை நாடிப் பைரியும் வருவதுண்டு. வல்லூறோ ஊர்மரங்களிலேயே வாழ்வது. அதன் பாய்ச்சல் தவறிய பின்னர் முற்றத்திற் சிதறிய குஞ்சுகளைத் தாய்க்கோழி விட்டுவிட்டு அழைப்பதைக் கேட்ட புல்மோட்டைச் சிறுவனுக்கு, அப்பேடையின் குரலைப் பற்றி ஆசிரியர் சொல்லவேண்டியது சிறிதே.

இன்னுமொன்று. எழால் என்னுஞ் சொல்லுக்கு யாழிசை என்ற பொருளும் உண்டு. வேட்டைப்பறவையை அச்சொல்லாற் சுட்டிய புலவர், அடுத்த அடியிலேயே பேடையின் குரலுக்குக் குழலை உவமையாக்குகின்றார். கருதியே அங்ஙனஞ் செய்தாரோ என்பது துணிதற்கரிது. 'ஒருவகைப் புள்' என்னும் உரையில் இவ்வையத்திற்கும் இடமில்லை.