கறுப்பு விமானமும் பளபளக்கும் அட்டையும்

ஆயிரம் துண்டுகள், தடித்த அட்டை, பெட்டிக்குள் ஒரு பை, மடித்து வைத்த சிறு போஸ்டர். ஜிக்சா அடுக்கிப் பழகியவர்களுக்கு இதிலெல்லாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1944 மே மாதம், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள வாடிங்டன் விமானத்தளம். ஆர்5868 என்ற எண் கொண்ட லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் நூறாவது பயணத்தை முடித்துவிட்டது என்று ஆஸ்திரேலிய விமானப்படையின் 467ஆம் பிரிவு கொண்டாடுகிறது. பறந்தவர்களும், அதைப் பறக்க வைத்த தரைப்பணியாளர்களும் மூக்குப்பகுதிக்குக் கீழே கூடி நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, விமானத்தின் பக்கவாட்டில், வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குண்டுகள் வரையப்பட்டிருக்கின்றன. ஒரு பயணத்துக்கு ஒரு குண்டு. கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.

பல வாரங்களாக என் சாப்பாட்டு மேசையில் பாதி இதற்குத்தான். விளிம்பு ஒரே மாலையில் முடிந்தது. முகங்களும் சீருடைகளும் அதிகம் சோதிக்கவில்லை. அதன்பின் மிஞ்சியது கறுப்பு. அங்கேதான் இந்தத் தயாரிப்பாளர்மேல் எனக்குக் கோபம்.

லங்காஸ்டர் இரவில் பறந்த விமானம். தரையிலிருந்து பாயும் தேடுவிளக்கின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக அதன் வயிற்றுக்கும் பக்கங்களுக்கும் மினுமினுப்பே இல்லாத கறுப்பு அடித்தார்கள். பழைய புகைப்படத்தில் அந்தக் கறுப்பு வெறும் இருட்டு அல்ல. உற்றுப் பார்த்தால் ரிவெட் வரிசை தெரியும், தகடும் தகடும் சேரும் கோடு தெரியும், ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்கூட இடத்துக்கு இடம் மாறும். ஜிக்சா அடுக்குகிறவருக்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது. இப்படிப்பட்ட படத்தை எடுத்து, மேலே பளபளப்புப் பூச்சு பூசி விற்கிறார்கள்! இரவில் விளக்கைப் போட்டால் கறுப்புத் துண்டுகள் அத்தனையும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. ரிவெட்டும் இல்லை, கோடும் இல்லை. பல்பின் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. துண்டைச் சாய்த்து, கையால் நிழல் கட்டி, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பகலில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் மட்டும் படம் தன்னைக் காட்டுகிறது. ஒளியை விழுங்கத் தீட்டிய ஒரு விமானத்தைப் பளபளப்புத் தாளில் அச்சிடலாம் என்று முடிவெடுத்தவர், அந்தப் படத்தை ஒரு நிமிடமாவது பார்த்திருப்பாரா?

வெட்டும் சுமார்தான். கட்டம் கட்டமாக நேர்வரிசையில் வெட்டியிருப்பதால் பல துண்டுகள் ஒரே சாயலில் இருக்கின்றன. தம் இடமல்லாத இடத்திலும் சாதுவாகப் பொருந்திக்கொள்கின்றன. வண்ணப் படத்தில் நிறம் நம்மைத் திருத்திவிடும். கறுப்புக்குள் திருத்த யாரும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒழுங்கற்ற வெட்டுதான் ஏற்றது. துண்டின் வடிவமே அங்கே பாதி விடை.

இவ்வளவு சொல்லியும் இதை நான் மூட்டை கட்டி வைக்காததற்குக் காரணம், அந்தக் குண்டு வரிசைகள். ஒரு துண்டில் ஒன்றரைக் குண்டு, அடுத்ததில் அரை. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால், தூரிகை பிடித்த கை தெரிய ஆரம்பிக்கிறது. ஒன்று சற்றுத் தடிமன், ஒன்று கொஞ்சம் சாய்வு. அந்த வேற்றுமையை வைத்தே ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் சேர்த்தேன். எந்த ஜிக்சாவும் என்னை இவ்வளவு கூர்ந்து பார்க்க வைத்ததில்லை. வரிசைகளுக்குக் கீழே ஒரு வாசகமும் உண்டு. எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் எல்லைக்குள் பறக்காது என்று நாஜி விமானப்படைத் தலைவர் கோரிங் அடித்த சவடாலை எடுத்து, அந்த எல்லைக்குள் போய்வந்த விமானத்தின் மேலேயே எழுதிவிட்டார்கள். எழுத்துத் துண்டுகள் கையில் சேரச் சேர உற்சாகம் ஏறுகிறது.

ஆனால் இதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரியாவது உண்டா என்றால், இல்லை. ‘போர்க்கால விமானம்’ என்று போட்டதோடு சரி. சொல்லவோ நிறைய இருக்கிறது. லங்காஸ்டரில் ஒரு குழுவுக்கு ஏழு பேர், ஒரு பணிச்சுற்றுக்கு 30 பயணம். ஆகவே நூறு குண்டு என்றால் அது ஒரே குழுவின் கணக்கல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வந்த பல குழுக்களின் கணக்கு. கட்டப்பட்ட லங்காஸ்டர்கள் 7,377. நூறு பயணத்தைத் தாண்டியவை நாற்பதைக்கூட எட்டவில்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் குண்டுகள் விழுந்த நகரங்களில் செத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கத் துண்டுத்தாள் போட்டிருந்தால் இத்தனையும் அதில் அடங்கியிருக்கும். வாரக்கணக்கில் ஒரு படத்தின் முன் உட்காரப்போகிறவருக்கு இதைச் சொல்லாமல் விடுவது, பளபளப்புப் பூச்சைவிடப் பெரிய குறை.

வாங்கலாமா? பகல் வெளிச்சம் விழும் மேசையும் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இரவில் மட்டுமே நேரம் கிடைக்கிறவர்களும், முதல் ஜிக்சா தேடுகிறவர்களும் இதைத் தொட வேண்டாம். பளபளப்பில்லாத அச்சில் மறுபதிப்பு வந்தால் நான் இன்னொரு பெட்டி வாங்குவேன். லண்டன் போகிறவர்கள் ஹெண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இதே ஆர்5868 அங்கே நிற்கிறது. குண்டு வரிசை இப்போது 137.