பாயைப் பார்த்துப் படகு ஏறுங்கள்

கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேற்றம் நடக்கும். சிறு வயதில் வாப்பாவின் தோளில் இருந்துதான் அதைப் பார்த்தேன். கூட்டம் முழுக்கக் கொடியைப் பார்த்து நிற்கும். வாப்பா மட்டும் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். “கச்சான் இன்னும் விழல்ல மனே” என்பார். பிறைக் கணக்கில் வரும் விழா என்பதால் சில காலம் தென்மேற்குக் காற்றான கச்சானில் வரும், சில காலம் வடகிழக்குக் காற்றான வாடையில் வரும். அந்தத் துணியின் படபடப்பை வைத்தே கடலின் குணத்தைப் படிக்கச் சொல்லித் தந்தார். நாகூரில் ஆண்டகையின் கொடி கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக வரும். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை ஷாகுல் ஹமீது ஆண்டகை தம் முகக்கண்ணாடியால் அடைத்துக் காத்தார் என்ற கதையை எங்கள் கரையில் சொல்லாத மூத்தம்மா இல்லை. காற்றை நம்பிக் கடலில் இறங்கியவர்களின் ஊர் இது.

அதனால்தானோ என்னவோ, கத்தாரிலிருந்தும் ஓமானிலிருந்தும் லீவில் வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள்: “மாமா, குடும்பத்தோட பாய்க்கப்பல்ல ஒரு பயணம் போகணும். எது நல்லம்?” நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பாய் எத்தனை மணித்தியாலம் விரிந்திருக்கும் என்று படகுக்காரரிடம் விசாரித்தீர்களா? அறை எப்படி, சாப்பாடு எப்படி, ஹலாலா, பெண்களுக்கு மறைவான இடம் உண்டா என்பதெல்லாம் அவசியமான கேள்விகள்தாம். ஆனால் அவை ஹோட்டலுக்கும் கேட்கிற கேள்விகள். பாய்க்கப்பலுக்கென்று உள்ள கேள்வி பாய் பற்றியது.

ஓமானின் முசந்தம் மலைக்குடாக்களில், கஸப் துறையிலிருந்து மரக்கலங்கள் போகின்றன. கம்பளம் விரித்து, திண்டு போட்டு, கஹ்வாவும் பேரீச்சம்பழமும் தருவார்கள். டொல்பின் கூட வரும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல பயணம், தாராளமாகப் போகலாம். ஆனால் ஓடுவது இயந்திரம். துருக்கியின் போட்ரூம் கரையில் கட்டப்படும் ‘கூலெட்’ கப்பல்களும் பெரும்பாலும் அப்படித்தான். பாய் இருக்கும், இயந்திரம் ஓடும். கப்பல் முழுவதையும் ஒரே குடும்பம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் பெரிய வசதி. அப்படி எடுப்பவர்கள் பாயை விரிக்கச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

நைல் நதியின் ‘பெலூக்கா’ வேறு ரகம். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே அடிக்கிறது. மேலே போகப் பாய், கீழே வர நீரோட்டம். அசுவானிலிருந்து இரண்டு இரவுகள் அதன் திறந்த தட்டில் மெத்தை போட்டுப் படுத்து வரலாம். கழிப்பறை இராது, கரையில் ஒதுங்க வேண்டும். கூட்டாளிமாரோடு போகிற இளைஞருக்குச் சரி, உம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஏற்றதல்ல.

ஆனால் பாய் என்ற கலையை ஒரு மணித்தியாலத்துக்குள் முழுதாகக் காண வேண்டுமென்றால் கடல் தாண்டிப் போகத் தேவையில்லை, நீர்கொழும்பு போதும். அங்கே ‘ஒருவ’ என்று சிங்களத்தில் சொல்லும் தோணி இருக்கிறது. குடைந்த மரத்தின் மேல் பலகை வைத்துக் கயிற்றால் தைத்த உடல். நீட்டி உட்கார முடியாது, ஒரு காலுக்குப் பின்னால் மறு காலை வைக்கும் அளவுக்கே அகலம். இத்தனை ஒல்லியான தோணி கவிழாமல் இருப்பது பக்கத்தில் வளைந்த இரு தண்டுகளால் பூட்டிய மிதவைக் கட்டையால். இரண்டு கழிகள் தாங்கும் அகன்ற பாய், பழுப்பு நிறம்.

நான் முதன்முதலாக ஏறிய நாளில் காற்று சற்று வலுத்தது. தோணிக்காரரின் தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து, வெறுங்காலோடு அந்தத் தண்டின் மேல் நடந்துபோய், மிதவைக்கட்டைக்கு மேலே குந்திக்கொண்டார். ஒரு கை கயிற்றில், கீழே கடல் ஓடுகிறது. எழும்பப் பார்த்த கட்டை அவர் பாரத்தில் மறுபடி நீரைத் தொட்டது. காற்று குறைந்ததும் இரண்டு எட்டு உள்ளே வந்தார், வலுத்ததும் மறுபடி வெளியே போனார். தராசுத் தட்டில் படிக்கல்லை ஏற்றி இறக்குவது போல, தன் உடம்பையே அங்குமிங்கும் வைத்துக்கொண்டிருந்தார். தண்டில் எத்தனை பேர் ஏற வேண்டியிருக்கிறது என்பதை வைத்து மீனவர்கள் காற்றின் வலுவை ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று என்று கணக்கிட்டதாக 19ஆம் நூற்றாண்டில் இலங்கை வந்த வெள்ளையர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். காற்றை அளக்க மனிதனைத் தவிர வேறு கருவி வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது இன்னொன்றைக் கண்டேன். தோணி திரும்பவே இல்லை. மிதவைக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் பாயை மறுமுனைக்கு மாற்றிக் கட்டினார்கள், சுக்கான் துடுப்பும் அங்கே போனது. அதுவரை பின்புறமாக இருந்தது முன்புறமாகிவிட்டது. உரோமர் பிளினி 1ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். இந்தத் தீவை ஒட்டிய ஒடுக்கமான நீர்வழிகளில் திருப்ப வேண்டியிராதபடி கப்பல்களின் இரு முனையும் முகப்பாகவே இருந்தன என்கிறார். கரை தேட மாலுமிகள் பறவைகளைப் பறக்கவிட்டதையும் சொல்கிறார். அந்தத் தோணியில் இருந்துகொண்டு இதை நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

நீர்கொழும்பில் பழைய மீனவக் குடும்பங்கள் பல இன்றும் தமிழ் பேசும். பேச்சுக் கொடுத்தால் தோணியைப் பற்றி எல்லாம் சொல்லுவார்கள். அதுவே பாதிப் பயணம்.

“மரக்கப்பலை நம்பலாமா?” என்று கேட்பவர்களுக்கு நான் அன்னபூரணியைச் சொல்வேன். வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அதை வாங்கி ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிச் செல்ல, 1938 ஓகஸ்ட் மாதம் அது அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கட்டியவர்கள் கைவேலையில் குறையில்லை. குறை வருவது ஓட்டுபவரின் அவசரத்தாலும் ஏறுபவரின் அலட்சியத்தாலும். உயிர்காப்பு அங்கி தராத தோணியில், அது எவ்வளவு அழகான தோணியாக இருந்தாலும், ஏறாதீர்கள்.

எங்கள் கரையில் இப்போது பாய் இல்லை. விடியற்காலைக் கரைக்காற்றில் வெளியே போய், பின்னேரக் கடற்காற்றில் வீடு வந்த தோணிகளைப் பற்றி வாப்பா காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டதோடு சரி. இயந்திரம் வந்ததும் பாய் குறைந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி எஞ்சிய தோணிகளையும் எங்கள் சனங்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. நிவாரணமாக வந்தவை கண்ணாடியிழைப் படகுகள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலைப் பார்த்தாலே இன்றும் நெஞ்சு பதறுகிற மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கடலுக்கு வற்புறுத்தக் கூடாது. பொத்துவில் களப்புக்குக் கூட்டிப்போகலாம். அங்கே மீனவர்கள் இரண்டு மணித்தியாலம் போல, கண்டல் காட்டுக்குள் கம்பூன்றியே தோணியைத் தள்ளிப் போவார்கள். பாய் இல்லை, இயந்திரச் சத்தமும் இல்லை. கம்பு நீரை விட்டு எழும் ஓசையும் கொக்கின் சிறகடிப்பும்தான். பின்னேரம் போனால் யானை கரைக்கு வந்து நிற்பதையும் சிலவேளை காணலாம். என் உம்மா 2004க்குப் பிறகு தண்ணீரில் காலை வைத்தது அங்கேதான்.

காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் கரையிலிருந்து வீசும், நம் கிழக்குப் பக்கத்துக் கடல் படுத்திருக்கும், பொத்துவிலுக்கு அது தோது. வாடை தொடங்கினால் நம் கடல் கொந்தளிக்கும். அது ஓய்ந்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குக் கரை அமைதியாக இருக்கும், நீர்கொழும்புக்குப் போகலாம். போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாய்த்தோணிக்காரர் சொல்லும் கூலியில் பேரம் பேசாதீர்கள். இயந்திரப் படகில் போனால் அதிகம் உழைக்கலாம் என்று தெரிந்தும் அவர்கள் இன்னும் பாயை விரிக்கிறார்கள்.