தூண்டிற்பித்தனும் ஓய்வுநாளும்

ஜப்பானியர் 'மாங்கா' என வழங்கும் சித்திரக்கதைகளை (நம் செவியில் அது மாங்காயாகவே விழும்) இறையியல் மாணவர் படிக்கத் தக்கவை அல்லவென ஒதுக்குதல் எளிது. எனினும் அவற்றுள் ஒன்றாகிய 'சுரிபாக்கா நிஷ்ஷி', அதாவது 'தூண்டிற்பித்தனின் நாட்குறிப்பு', நம் பிரசங்க மேடைகளில் அரிதாகவே கேட்கும் ஒரு வினாவை எழுப்புகிறது. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமையா, அன்றிச் சலுகையா?

ஜூசோ யாமசாகி எழுத, கெனிச்சி கிதாமி வரைய, 1979இல் 'பிக் காமிக் ஒரிஜினல்' இதழில் இத்தொடர் தொடங்கியது. கதைத்தலைவன் ஹமாசாகி ஒரு கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் சாதாரண ஊழியன். பதவி உயர்வில் அவனுக்கு நாட்டமில்லை, மனமெல்லாம் தூண்டிலிலேயே. மகனுக்கு இட்ட பெயரிலும் கெண்டைமீன் நீந்துகிறது. தற்செயலாக அறிமுகமான ஒரு முதியவரைத் தனிமையில் வாடுபவரென எண்ணி, மீன்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அவரோ அவனுடைய நிறுவனத்தின் தலைவர் சுசுகி! உண்மை வெளிப்பட்ட பின்னரும் நட்பு முறியவில்லை.

இதனை நடுவயதினரின் தப்பியோட்டம் என்று சுருக்குவோர் கதையைச் சரியாகப் படித்தவராகார் என்பது நம் கருத்து. ஹமாசாகி வீட்டை விட்டு ஓடுபவன் அல்லன். மனைவி மிச்சிகோவின்மீது அவன் கொண்ட அன்பு கதை முழுவதிலும் வெளிப்படை. அவன் விட்டு விலகுவது பதவிப் படிக்கட்டையே. படகில் ஊழியன் குரு, முதலாளி சீடர். அங்கே வணங்கிக் குனிய வேண்டியதில்லை. தூண்டிலில் மீன் சிக்கியதும் இருவர் முகத்திலும் ஒரே களிப்பு. இவ்வளவு எளிய கோடுகளில் சமத்துவத்தைக் காட்டியது ஓவியரின் வெற்றி என்றே சொல்வோம்.

ஆயினும் அச்சமத்துவம் கரையேறியவுடன் கரைந்துபோகிறது. மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் தலைவர், மற்றவர் கடைநிலையாளர். நட்பு பிறர் அறியாவண்ணம் மறைக்கப்படுகிறது. நகைச்சுவை முழுவதும் இம்மறைவையே நம்பி நிற்கிறது. ஆகவே ஏற்றத்தாழ்வு நீங்கினால் கதையும் நின்றுவிடும்!

இக்கதையின் முதல் திரைப்படம் 1988இல் வெளிவந்தது; 2009 வரை அவ்வரிசை நீண்டது. அதே 1988இல்தான் 'கரோஷி', அதாவது மிகையுழைப்பால் நேரும் மரணம், பற்றி ஆலோசனை கூற வழக்கறிஞரும் மருத்துவரும் இணைந்து ஜப்பானில் தொலைபேசிச் சேவை தொடங்கினர். திரையரங்கில் சிரித்தவருள் எத்தனை பேர் மறுநாள் நள்ளிரவுவரை மேசையருகே இருந்தனரோ! படகில் சுசுகி தம் பாரத்தை இறக்கி வைக்கிறார். தூண்டில் தூக்கவும் நேரமில்லாத தம் ஊழியரைப் பற்றி அப்படகு அவரிடம் ஏதும் கேட்பதில்லை.

இங்கே, திபேரியாக் கடலில் மீன்பிடிக்கப் புறப்பட்ட பேதுருவை உடனே சான்று காட்டத் துடிக்கும் பிரசங்கியாரைச் சற்றே நிறுத்துவோம். கலிலேயருக்கு வலை பிழைப்பு, பொழுதுபோக்கு அன்று. யோவான் 21இல் நாம் காண்பது இரவெல்லாம் பாடுபட்டும் வெறுமையான படகு. ஹமாசாகிக்கு மீன் சிக்காவிடினும் அடுப்பு எரியும். இவ்வேறுபாட்டை மறந்து செய்யும் ஒப்புமை மீனவச் சபையார்முன் நகைப்பிற்கிடமாகும்.

ஒப்பிடத் தக்கது உபாகமம் 5இல் வரும் ஓய்வுநாட் கட்டளையே. யாத்திராகமம் 20 படைப்பைக் காரணம் காட்ட, உபாகமமோ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. அங்கே ஓய்வு முதலாளியின் நட்பினால் கிடைப்பதன்று. அவர் மறுக்க இயலாதது. ஹமாசாகிக்கு வாய்த்தது நல்ல முதலாளி. அவர் இல்லாத மேசைகளுக்குக் கட்டளை வேண்டும்.

மிச்சிகோ கணவனை வழியனுப்புகிறாள், வரவேற்கிறாள். அவளுக்கு எந்நாள் ஓய்வு என்பது இக்கதைக்கு முதன்மையான வினாவாகத் தோன்றவில்லை. இக்குறையைச் சித்திரக்கதையின்மேல் மட்டும் சுமத்துவதும் நேர்மையாகாது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன் என நீளும் கட்டளையின் பட்டியலிலும் மனைவி பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை.