கொசுறு

அரைக் கிலோ தக்காளியை நிறுத்துப் போட்ட கையோடு, கேட்காமலேயே ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் திணிப்பார் எங்கள் காய்கறிக்காரம்மா. அந்தக் கொத்துக்காகவே என் அம்மா இரண்டு தெரு தள்ளிப் போய் அவரிடம் வாங்குவார். வீடியோ கேம் உலகில் இந்த வித்தையைக் கரைத்துக் குடித்தவர்கள் போலந்துக்காரர்கள். சிடி ப்ராஜெக்ட். அந்தப் பெயரை எடுத்தாலே எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 மே மாதம் அவர்களுடைய 'தி விட்சர் 3' வெளியானது. அதுவரை நான் காசு கொடுத்து வாங்கிய கேம்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மீதியெல்லாம் பர்மா பஜார் திருட்டு நகல் வகையறா. பிளாஸ்டிக் உறை, மார்க்கர் பேனாவில் எழுத்துப்பிழையோடு பெயர், டிவிடிக்குள் பூட்டை உடைக்க 'கிராக்' என்று ஒரு ஃபோல்டர். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு அதைக் காப்பி பேஸ்ட் பண்ணுவதில் நான் கைதேர்ந்தவன். அப்படிப்பட்டவன் இதை மட்டும் ஏன் முழு விலை கொடுத்து வாங்கினேன்? பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி ஆசை காட்டியிருந்தார்கள். சபலம், வேறென்ன!

பெட்டியைத் திறந்தேன். டிவிடிகளை ஓரமாக வைத்துவிட்டு மடித்திருந்த வரைபடத்தைத்தான் முதலில் எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்தால் ரசக் கிண்ணத்தை நகர்த்தவேண்டி வந்தது. வெலன் சதுப்பு நிலம், நோவிகிராட் நகரம், ஆறுகள், பாலங்கள்... புது மையின் வாசனை வேறு. அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊருடா?"

"நோவிகிராட்மா."

"பஸ் போகுமா?"

கூடவே ஸ்டிக்கர்கள். ஒன்று இன்னும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அந்த உலகத்தின் ராஜ்ஜியங்களையும் ஜந்துக்களையும் விவரிக்கும் குட்டிக் கையேடு. தனி சிடியில் பின்னணி இசை. பெர்சிவல் என்ற போலந்து நாட்டுப்புற இசைக் குழு அதில் வாசித்திருக்கிறது. பெண்கள் தொண்டையைத் திறந்து கத்தும் இடம் வந்தபோது, யார் வீட்டில் சாமி வந்திருக்கிறது என்று அடுக்களையிலிருந்து கேள்வி வந்தது. இத்தனையும் காஸ்ட்லி 'கலெக்டர்ஸ் எடிஷன்' சமாச்சாரம் இல்லை. சாதாரணப் பெட்டி. எல்லாப் பெட்டியிலும் இருந்தது!

அடியில் ஒரு சின்னத் தாள். வாங்கியதற்கு நன்றி என்று, கேமை உருவாக்கியவர்கள் எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்குமுன் நான் வாங்கிய ஒரு கேமில் (கம்பெனி பெயர் வேண்டாம்) முதலில் கண்ணில் பட்டதே, காப்பி அடித்தால் என்ன தண்டனை என்ற மிரட்டல்தான். காசு கொடுத்தவனுக்கு! ஒருநாள் எங்கள் தெருவில் இணையம் போய்விட்டது. சர்வரோடு பேச முடியவில்லை, ஆகவே ஆட முடியாது என்று அந்த ஒரிஜினல் கேம் கதவைச் சாத்திக்கொண்டது. அதே கேமை கிராக் போட்டு வைத்திருந்த நண்பன் அன்று ராத்திரி முழுக்க ஜாலியாக ஆடினான். பூட்டு யாரை வெளியே நிறுத்தியது, பாருங்கள்.

விட்சர் 3-க்கு வெளியான பிறகும் வாராவாரம் கொசுறு வந்தது. மொத்தம் 16, பைசா வாங்காமல். முதல் தவணையிலேயே நாயகன் கெரால்ட்டுக்குப் புதுத் தாடி, தலைமுடி அலங்காரம்! சிரிக்காதீர்கள், அந்தக் கேமில் தாடி தானாகவே நாளுக்கு நாள் வளரும். அதை மழித்துவிட முடிதிருத்தும் கடைக்குப் போகவேண்டும். கடைசித் தவணையில், சேர்த்த ஆயுதங்களோடு முதலிலிருந்து மறுபடி ஆடும் வசதி. நான் அதை இரண்டு முறை ஆடினேன்.

இவர்களுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மார்சின் இவின்ஸ்கியும் மிகாவ் கிச்சின்ஸ்கியும் பள்ளித் தோழர்கள். கம்யூனிச ஆட்சி முடிந்த காலத்து வார்சாவில், திருட்டு நகல்கள் பகிரங்கமாகக் கைமாறும் கம்ப்யூட்டர் சந்தையில் திரிந்தவர்கள். மென்பொருளுக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு வந்ததே 1994-ல்தான். அதே ஆண்டு இருவரும் சிடி ப்ராஜெக்ட்டைத் தொடங்கினார்கள். அதாவது, பஜார் எப்படி இயங்கும் என்று உள்ளேயிருந்து தெரிந்த ஆட்கள்!

1999-ல் 'பால்டர்ஸ் கேட்' கேமைப் போலந்துக்குக் கொண்டுவந்தார்கள். விலையில் பஜாரோடு மோத முடியாது. ஆனால் கேம் ஐந்து சிடி. திருட்டு நகல் போடுகிறவனும் ஐந்து சிடி எரிக்கவேண்டும், அவனாலும் அடிமாட்டு விலைக்கு விற்க முடியாது. இங்கேதான் நம்மவர்கள் கொசுறை அள்ளிப் போட்டார்கள். பழைய தோல் ஏடு மாதிரி வரைபடம், விதிமுறைப் புத்தகம், இசை சிடி. அதற்கெல்லாம் மேலே, முழு கேமும் போலிஷ் மொழியில், நாடறிந்த நடிகர்களின் குரலில். கதைசொல்லியாக பியோத்ர் ஃப்ரொன்செவ்ஸ்கி பேசினார். கிளம்புவதற்கு முன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள் என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், நம் ஊரில் வடிவேலு வசனம் புழங்குவது போல அங்கே புழங்குகிறது. முதல் நாளே 18,000 பெட்டிகள் விற்றன.

இந்தக் குணம் இவர்களோடு பிறந்ததுமில்லை. 1982-ல் அமெரிக்காவின் இன்ஃபோகாம், 'டெட்லைன்' என்ற துப்பறியும் கேமின் கதை முழுதும் டிஸ்க்கில் கொள்ளாததால், போலீஸ் விசாரணைக் குறிப்பையும் மாத்திரைகளையும் பெட்டியில் போட்டு விற்றது. எனக்கு மிகவும் பிடித்தது 1984-ல் வந்த 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு'. அதில் ஒரு காலிப் பிளாஸ்டிக் பை இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விண்வெளிக் கப்பற்படை இருக்கிறதாம்! டிஸ்க்கைக் காப்பி அடிக்கலாம். ஒன்றுமே இல்லாத பையை எவன் எப்படிக் காப்பி அடிப்பான்?

கொசுறு கொடுத்தால் திருட்டே நின்றுவிடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. விட்சர் 3-க்கும் திருட்டு நகல் வந்தது, தாராளமாகவே வந்தது. தக்காளி அழுகியிருந்தால் கறிவேப்பிலை காப்பாற்றாது என்பதையும் இதே சிடி ப்ராஜெக்ட் 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' விட்டபோது கற்றுக்கொண்டது. பெட்டி நிறைய வரைபடமும் தபால் அட்டைகளும். பழைய கன்சோல்களிலோ கேம் தடுக்கித் தடுக்கி விழுந்தது. இணையக் கடையிலிருந்தே சோனி அதை எடுத்துவிட்டது. எனக்கு அன்று சொந்த வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் தீய்ந்த வருத்தம்.

ஆனால் விட்சர் வரைபடம் என் அறைச் சுவரில் ஏறிய அந்த வாரம் நடந்ததைச் சொல்லியாகவேண்டும். கிராக் நண்பன் வந்தான். அவனும் விட்சர் 3 ஆடிக்கொண்டிருந்தான், டவுன்லோடு செய்து. பாட்டு சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நன்றித் தாளைப் படித்தான். சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.

"மச்சான், இதை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கொண்டு போனான். கடைக்காரரிடம் அவ்வளவு பெரிய தாளுக்கு மெஷின் இல்லை. துண்டு துண்டாக ஏ4-ல் எடுத்து செலோடேப் போட்டு ஒட்டினானாம். கறுப்பு வெள்ளையில் ஆறும் சாலையும் ஒன்றாகத் தெரிந்தன. நோவிகிராட்டின் பாதி கடலுக்குள் போயிருந்தது.